நிழல் மாறிய கோடை

ஊர் என்று ஒன்று உண்டாவதற்கும், விதையை மண்ணில் போட்டால் முளைக்குமே என்று யாருக்காவது தோன்றுவதற்கும் எத்தனையோ காலம் முன்னால், மொட்டைப் பாறைகளுக்கும் முள்ளுக்காட்டுக்கும் நடுவே இருபத்தேழு பேர் ஒன்றாக அலைந்து, ஒன்றாகப் பசித்து, கிடைத்ததை ஒன்றாகத் தின்று வாழ்ந்துவந்தார்கள். எந்தச் செடிக்கு அடியில் பிள்ளை பிறக்கிறதோ அந்தச் செடியின் பெயரே பிள்ளைக்கும் என்பது அவர்கள் வழக்கம். தொரட்டிப் புதருக்கு அடியில் பிறந்தவள் தொரட்டி ஆனாள். அவள் தங்கை ஈச்ச மரத்தடியில் பிறந்து ஈச்சி ஆனாள். அவளுக்குப் பழம், எனக்கு முள்ளா என்று தொரட்டி சின்ன வயதில் அழுதிருக்கிறாள். வளர்ந்த பிறகு அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தித்தான் போயிற்று. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள்.

மூன்று மழை பொய்த்துப் போன கோடை அது. முதல் மழை பொய்த்தபோது ஓடைகள் வற்றின, இரண்டாவது பொய்த்தபோது கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே சூம்பிப்போயின, மூன்றாவது பொய்த்தபோது பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனவை திரும்பி வரவேயில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குட்டை. மானும் பன்றியும் மனிதர்களும் ஓநாய்களும் ஆளுக்கொரு நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

ஓநாய்களுக்கும் அவர்களுக்கும் என்றைக்கும் ஆகாது. அடித்த மானை ஓநாய்கள் வந்து பறிக்கும், ஓநாய்கள் அடித்த மானை இவர்கள் தீப்பந்தத்தோடு போய்ப் பறிப்பார்கள், அது அந்தக் காலத்து வழக்கம், அதில் யாருக்கும் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால் போன கோடையில் ஒரு மத்தியான நேரத்தில், புதரோரம் கூழாங்கல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஈச்சியின் மகளை, பேச்சே இன்னும் சரியாக வராத பெண்பிள்ளையை, ஓர் ஓநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஈச்சியின் புருஷன் இலுப்பன்தான் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவன். அவன் நான்கு நாள் தடம் பார்த்துப் போய், வெறுங்கையோடு திரும்பினான். அன்றிலிருந்து ஓநாய் என்று கண்ணில் பட்டதை அவன் விட்டதில்லை. ஈச்சி ஒரு முழுக் கோடையும் வாய் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு மறுபடி வயிறு நிறைந்து, நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மான் இறங்கும் தடத்தில் குழி வெட்டி, மேலே சுள்ளியும் சருகும் பரப்பிவைப்பது தொரட்டியின் வேலை. ஒரு நாள் விடிந்ததும் குழியைப் பார்க்கப் போனவள், விளிம்பு மண் இளகிக் கிடந்ததைக் கவனிக்காமல் காலை வைத்து, கையில் இருந்த கிழங்குக் கோலோடு உள்ளே போய் விழுந்தாள். உள்ளே ஏற்கெனவே ஒரு பெட்டை ஓநாய் விழுந்து கிடந்தது. குழிக்குள் நட்டிருந்த கூர்க்கழி அதன் முன்னங்காலைக் கிழித்திருந்தது. அது அந்த மூலையில், இவள் இந்த மூலையில். நடுவே இரண்டு முழம் மண். அது உறுமியது. இவளும் தன்னால் முடிந்த அளவுக்கு உறுமினாள்.

மற்றவர்கள் எல்லோரும் அன்று வடக்கே கிழங்கு தேடிப் போயிருந்தார்கள். அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. உச்சி வெயில் நேராகக் குழிக்குள் இறங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொழுது சாய்ந்தபோது ஓநாய் எழுந்து, இவளைப் பார்க்காமல், தன் மூலையில் இருந்த மண்ணை நல்ல காலால் பறிக்க ஆரம்பித்தது. பறித்தது, மோந்தது, மறுபடி பறித்தது. கடைசியில் ஈர மண் கறுப்பாகத் தெரிந்து, அதிலிருந்து விரல் அளவுக்குத் தண்ணீர் கசிந்தது. அது நக்கிக் குடித்தது. குடித்து முடித்து, போய்த் தன் இடத்தில் படுத்து, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

தொரட்டி அந்தத் திருப்பலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்து போய், ஓநாய் நக்கிய அதே இடத்தில் வாயை வைத்துக் குடித்தாள்.

மறுநாள் உச்சியில்தான் இலுப்பனும் மற்றவர்களும் அவளைக் கண்டுபிடித்தார்கள். கொடியை இறக்கி அவளை மேலே தூக்கியதும் இலுப்பன் ஈட்டியை ஓங்கினான். தொரட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு மதினி. இது என் பிள்ளையைத் தின்ன சாதி.”

“இது தின்னுச்சான்னு உனக்குத் தெரியுமா மாப்ளே? இது தோண்டுன தண்ணியக் குடிச்சுத்தான் நான் உயிரோட நிக்கேன். அது மட்டும் எனக்குத் தெரியும்.”

சொன்ன கையோடு பக்கத்தில் கிடந்த பட்ட மரத்தை உருட்டிக் குழிக்குள் சாய்த்துவிட்டாள். ஓநாய் அதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, வெயிலில் ஒரு கணம் நின்று, மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஓடுகிற ஓநாயின் காலடியில் ஒரு பெண்ணின் நிழல், கையில் கிழங்குக் கோலோடு, அசையாமல் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போயிற்று. இங்கே அதே கோலோடு அசையாமல் நின்ற தொரட்டியின் காலடியில், காது விடைத்த, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிய ஓர் ஓநாயின் நிழல் மூன்று காலில் ஓடிக்கொண்டிருந்தது.

“மாறிப்போச்சு போல” என்றார் ஆவாரன். தீக்கனலைக் கொம்புக்குள் வைத்துச் சுமந்துவருகிறவர் அவர். தொரட்டிக்கு மாமா முறை. கால் கொஞ்சம் இழுத்து நடப்பவர், வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. “ஒரே குழியில நெருங்கிக் கெடந்தா மாறத்தான் செய்யும்.”

அந்தக் காலத்தில் இப்படி ஒன்று நடந்தால், ஏன் நடந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இனி எப்படி என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் முதல் நாளே அந்த நிழலுக்குப் பழகிவிட்டார்கள். தொரட்டி உட்கார்ந்து தோலைச் சுரண்டிக்கொண்டிருப்பாள், அவள் நிழல் எழுந்து சோம்பல் முறிக்கும், பிள்ளைகள் ஹோ என்று கத்துவார்கள். அவள் நடந்துகொண்டிருப்பாள், நிழல் படுத்துத் தூங்கிக்கொண்டே கூட வரும். பெண்களுக்குத்தான் பயம் போகச் சில நாள் ஆயிற்று. வேட்டைக்குப் போகிறவர்களுக்கோ எரிச்சல். தொரட்டி எவ்வளவு பதுங்கினாலும் நிழல் பதுங்காது, மான் பார்த்துவிட்டு ஓடிவிடும். மூன்றாம் நாள் அவளை வேட்டைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய சிக்கல் வந்தது பங்கில்தான். கறி கிடைத்தால், பொழுது சாய்ந்து நிழல் நீளும் நேரத்தில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், அறுக்கிறவன் ஒவ்வொரு நிழலின் தலைமேலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே போவான், யாருடைய நிழல் தலையில் விழுந்ததோ அது அவர்களுடையது, அதன்மேல் பேச்சே கிடையாது. ஆதிகாலத்திலிருந்து சண்டை வராமல் காத்த வழக்கம். அன்றைக்கு ஓர் உடும்பு கிடைத்திருந்தது. அறுத்தவன் தொரட்டியின் முன்னால் வந்து, கையில் துண்டோடு திகைத்து நின்றுவிட்டான்.

“மூஞ்சி பக்கம் வையிடா. அதுதான தலை” என்றார் ஆவாரன்.

அவன் வைத்தான். இலுப்பன் எட்டத்திலிருந்தே சொன்னான்: “ஓநாய் நிழல் தலையில வெச்ச பங்கு ஓநாயோட பங்கு. மதினிக்கு எப்படி ஆகும்?”

எல்லோரும் யோசித்தார்கள். அவன் சொன்னது சரிதான். தொரட்டிக்குப் பசி கண்ணை அடைத்தது. ஆனாலும் அவளும் யோசித்துப் பார்த்தாள், அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கடைசியில் ஆவாரன்தான் ஒரு வழி சொன்னார். நிழல் ஓநாயுடையது, கால் தொரட்டியுடையது, அதனால் பாதி அதற்கு, பாதி இவளுக்கு. தொரட்டி பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் குட்டைக்குப் போகும் தடத்தில் ஒரு கல்மேல் கொண்டுபோய் வைத்தாள். விடிந்து பார்த்தபோது கல் சுத்தமாக நக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மூன்று காலின் தடம்.

அதற்கும் போக்கிடம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. காலடியில் மனுஷியின் நிழல் விழும் ஒருத்தியை மற்ற ஓநாய்கள் கிட்டவே சேர்க்கவில்லை. ஒரு தரம் தூரத்து மேட்டில் அது தன் கூட்டத்தைப் பார்த்து வாலைக் குழைத்துக்கொண்டு போனதையும், அவை பல்லைக் காட்டி விரட்டியதையும் தொரட்டி பார்க்கவில்லை, ஆனால் தன் காலடியில் நிழல் குறுகிக் குறுகி, மல்லாந்து, பிறகு எழுந்து வெகுதூரம் ஓடியதைப் பார்த்தாள். அன்று அவள் தன் பாதியிலும் கொஞ்சம் கூடுதலாகக் கல்மேல் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு குட்டை வற்றியது.

அடி மண் வெடித்து, கடைசிச் சேற்றில் மீன்கள் வாயைப் பிளந்து கிடந்தன. இலுப்பன் எல்லோரையும் கூட்டிச் சொன்னான். மொட்டைப் பாறைவெளியைத் தாண்டித் தெற்கே ஆறு இருக்கிறது, அவன் அப்பன் ஒரு தரம் பார்த்திருக்கிறார். ஆறு நாள் நடை. குடுக்கைகளில் இருக்கும் தண்ணீர் மூன்று நாளைக்கு வரும். அதற்குமேல் வருகிறவர் வரட்டும்.

அவன் ஈச்சியின் பக்கம் பார்க்காமல்தான் பேசினான். ஆறு நாள் அவளால் நடக்க முடியாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். இருபத்தாறு பேரா, ஒருத்தியா என்று அவன் எத்தனையோ நேரம் தனக்குள் எண்ணிப் பார்த்து முடித்திருந்தான் என்பதை அவன் கழுத்து நரம்பு சொல்லிற்று.

தொரட்டி தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் மூக்கைத் தாழ்த்தியிருந்தது. நாக்கு நீண்டு நீண்டு உள்ளே போயிற்று. நேற்றும் இதே நேரத்துக்கு அப்படித்தான் செய்தது. அதற்கு முந்தின நாளும்.

“மாப்ளே, இது தண்ணி குடிக்குது.”

“எது?”

“இங்க பாரு. நல்லாப் பாரு. நக்கிக் குடிக்குது. குட்டை வத்தி ரெண்டு நாளாச்சு. இது எங்கயோ குடிக்குதே. அந்த எடம் ஆறு நாள் நடையில இருக்காது. கல்லு மேல வெச்ச கறியக் காலையில தின்னுட்டுப் போறது பொழுது சாயுறதுக்குள்ள குடிக்குது. மூணு காலு வேற.”

எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள். நிழல் குடித்து முடித்து, மூக்கை நக்கிக்கொண்டது. தாகத்தில் இருந்தவர்களுக்கு அதைப் பார்க்கவே தொண்டை இறங்கி ஏறியது.

“நான் அது பின்னால போகமாட்டேன்” என்றான் இலுப்பன். குரல் தாழ்ந்திருந்தது. “என் பிள்ளையக் கொண்டுபோனதுக்குப் பின்னால நான் நாலு நாள் போனேன். போதும்.”

அப்போது ஈச்சி எழுந்தாள். ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையைத் தரையிலும் ஊன்றி மெல்ல எழுந்தாள். கூட்டத்தின் நடுவில் அவள் குரல் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“அது கூட எனக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. ஆனா இந்தப் பிள்ளைக்குத் தண்ணி வேணும். யாரு காட்டுன தண்ணின்னு இதுக்குத் தெரியவா போகுது? அக்கா, நட.”

அக்கா நடந்தாள். தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஆவாரன் கனல் கொம்பைத் தூக்கிக்கொண்டார். தீ போகிற பக்கம்தான் மற்றவர்களும் போயாக வேண்டும். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் இலுப்பனும் எழுந்து, ஈட்டியை எடுத்துக்கொண்டு, “தண்ணியப் பாத்ததும் அதக் கொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்” என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் வந்தான்.

மூன்று காலின் தடம் முள்ளுக்காட்டைத் தாண்டி, செம்மண்ணைத் தாண்டி, மறுநாள் காலையில் வெறும் பாறையில் ஏறி மறைந்துபோயிற்று. பாறையில் தடம் ஏது? வெயில் ஏறியது. குடுக்கைகள் லேசாயின. ஈச்சி ஒரு பாறையில் சாய்ந்து, வலி வந்துவந்து போகிறது என்றாள். எல்லோரும் தொரட்டியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் உயரமான ஒரு பாறைமேல் ஏறினாள். ஓநாயைக் கூப்பிட அவளுக்கு ஒரு சத்தமும் தெரியாது. ஆனால் அதன் நிழல் இங்கே தன் காலடியில் அது செய்வதையெல்லாம் செய்கிறது என்றால், தன் நிழல் அங்கே அதன் காலடியில் தான் செய்வதைச் செய்யத்தானே வேண்டும்? அவள் இரண்டு கையையும் உயரத் தூக்கினாள். வா என்று அசைத்தாள். பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, தூரத்தில் போகிற சொந்தக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, வா, வா என்று வீசிக்கொண்டே இருந்தாள். கீழே ஓநாயின் நிழல் படுத்துக் கிடந்தது. தோள் கடுத்தது. வீசினாள். நிழல் தலையைத் தூக்கியது. தன் காலடியையே பார்ப்பது போலக் குனிந்து பார்த்தது. காதை முன்னும் பின்னும் திருப்பியது. பிறகு எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, நடக்க ஆரம்பித்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் எதிர்ப் பாறையின் உச்சியில் அது வந்து நின்றது. அதன் காலடியில் ஒருத்தி இன்னும் கையை வீசிக்கொண்டிருந்தாள்.

ஈட்டி எட்டாத தூரத்தில் அது முன்னால் போயிற்று, இவர்கள் பின்னால் போனார்கள். இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. ஈச்சி உட்கார்ந்தபோது அதுவும் உட்கார்ந்து, அடிபட்ட காலை நக்கிக்கொண்டது. இரண்டு யானைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற ஓரிடத்தில், ஆள் ஒருக்களித்து நுழைகிற இடுக்குக்குள், கையைவிட்டால் முழங்கை வரைக்கும் குளிர்கிற ஒரு சுனை இருந்தது. அத்தனை வெயிலிலும் அது தன்பாட்டுக்கு நிறைந்து கிடந்தது. முதலில் ஈச்சி குடித்தாள், பிறகு பிள்ளைகள், பிறகு எல்லோரும். கடைசியில் இலுப்பன் குடித்தான். குடித்துவிட்டு நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஓநாய் எங்கே என்று பார்த்தான். அது அவனுடைய ஈட்டியின் எட்டத்தை அறிந்து, அதற்கு ஒரு முழம் அப்பால் படுத்திருந்தது.

“கொல்லுவேன்னியே” என்றார் ஆவாரன்.

“கொல்லுவேன். மொதல்ல ஈச்சிக்குப் பிள்ள பொறக்கட்டும்.”

மூன்றாம் நாள் ஈச்சிக்கு நிஜ வலி எடுத்தது. சுனைக்குப் பக்கத்திலேயே ஒரு பொந்து, தாழ்ந்த வாசல், உள்ளே நான்கு பேர் இருக்கலாம். தொரட்டியும் இரண்டு பெண்களும் ஈச்சியோடு உள்ளே போனார்கள். பிள்ளை பிறக்கிற இடத்தில் ஆண்கள் நிற்பதில்லை என்பதால் ஆண்கள் ஈட்டிகளோடு இரை தேடி மேட்டுக்குப் போய்விட்டார்கள். ஆவாரன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாறையின் மறுபக்கம் போய், அவர்கள் காதில் ஈச்சி கத்துவது விழாதபடி சத்தமாக ஏதோ பொய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். பொந்தின் வாசலில் யாரும் இல்லை.

தண்ணீர் இருக்கிற இடத்தைத் தேடி ஓநாயும் மனிதர்களும் மட்டுமா வருவார்கள். அந்தச் சுனைக்குப் பல காலமாகச் சொந்தக்காரியாக இருந்த ஒரு சிறுத்தை அன்று மத்தியானம் வந்தது. வந்ததற்கு ரத்த வாடை அடித்தது.

பொந்துக்குள் வாசல் வெயில் கொஞ்சம் விழுந்திருந்தது. தங்கையின் முட்டியைத் தாங்கிப் பிடித்திருந்த தொரட்டி, அந்த வெளிச்சத்தில் தன் நிழலைப் பார்த்தாள். அதன் முதுகு மயிர் காடு மாதிரி எழுந்து நின்றது. பல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான்கு காலையும் ஊன்றி, அடிபட்ட காலையும்கூட ஊன்றி, அது எதையோ பார்த்து நின்றது. வெளியே ஏதோ வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்து போக முடியாது, பிள்ளையின் தலை வந்துவிட்டது. “நீ பாட்டுக்கு முக்கு, தாயி, முக்கு” என்றாள். தன் குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

வெளியே நடந்ததை இலுப்பன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவன் அதைப் பல வருஷம், பல பேரிடம், ஒரு சொல் மாறாமல் சொல்லியிருக்கிறான். மனது கேட்காமல் அவன் மற்றவர்களை விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். மேட்டிலிருந்து பார்த்தபோது, தன் பெண்டாட்டி பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிற பொந்தின் வாசலில் ஓர் ஓநாய் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. சிறுத்தை பாறைக்கு மேலே இருந்தது, அவன் கண் அங்கே போகவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போன வருஷத்து மத்தியானம்தான். ஈட்டியை ஓங்கினான். குறி பார்த்தான். கை கிளம்பப் போகிற நேரத்தில் அதன் காலடியைப் பார்த்தான்.

அங்கே ஒரு பெண்ணின் நிழல் மண்டியிட்டிருந்தது. இரண்டு கையையும் நீட்டி எதையோ வாங்கியது. வாங்கி, மெதுவாக, வெகு மெதுவாக உயரத் தூக்கியது. தூக்கிய கைகளில் ஒரு சின்ன நிழல், தலைகீழாக, காலை உதைத்துக்கொண்டு துடித்தது.

பொந்துக்குள்ளிருந்து அழுகை கேட்பதற்கு முன்னாலேயே இலுப்பன் தன் பிள்ளையைப் பார்த்துவிட்டான்.

அந்தப் பிள்ளை நிழலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓநாய் எதையோ அண்ணாந்து உறுமுகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதன் பார்வை போன இடத்துக்குத் தன் பார்வையைக் கொண்டுபோனான். பாறைமேல் மஞ்சள் நிறத்தில் ஏதோ பதுங்கியது. ஈட்டி கிளம்பியது. அது சிறுத்தையின் தோளைக் கிழித்துக்கொண்டு போக, சிறுத்தை ஒரு கத்துக் கத்திவிட்டு வாசலில் குதித்து, ஓநாயை ஓர் அறை அறைந்து உருட்டிவிட்டு, சுனைப் பக்கம் பாய்ந்து, பாறைகளுக்குள் மறைந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

தொரட்டி பிள்ளையை ஈச்சியின் மார்பில் போட்டுவிட்டுத் தவழ்ந்து வெளியே வந்தபோது, இலுப்பன் ஓநாயிடமிருந்து மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்தான். ஓநாயின் விலாவில் ரத்தம். அது அவனைப் பார்த்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் கை இரண்டும் மடியில் வெறுமனே கிடந்தன.

“பெண்பிள்ள” என்றாள் தொரட்டி.

“தெரியும்” என்றான் அவன். அப்புறம்தான் அழுதான்.

செடி எதுவும் இல்லாத இடத்தில் பிறந்ததால் பிள்ளைக்குச் சுனை என்றே பெயர் வைத்தார்கள். ஓநாயின் விலாவில் ஆவாரன் பச்சிலை அரைத்துப் பூசப் போய் ஒரு கடி வாங்கினார், மறுநாள் பூசவிட்டது. இலுப்பன் அதைக் கொல்வதைப் பற்றிப் பிறகு பேசவில்லை, பேசியதையும் யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. ஈச்சி மட்டும் கிட்டே போகமாட்டாள். அது வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். தொரட்டி அவளை ஒன்றும் சொன்னதில்லை. ஓநாயும் எப்படியோ அதை அறிந்து, அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகும்.

மழை வந்தது. மூன்று வருஷத்து மழையும் சேர்ந்து வந்தது. இருபது நாள் சூரியனே தெரியவில்லை, யாருக்கும் நிழலே இல்லை. இருபத்தோராம் நாள் மேகம் விலகி வெயில் அடித்தபோது, எல்லோரும் நனைந்த தோல்களை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பிள்ளைதான் சொன்னது, அத்தைக்கு அத்தையோட நிழல் வந்துருச்சு என்று. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஓநாயின் காலடியில் ஓநாய். தொரட்டியின் காலடியில் தொரட்டி, கையைத் தூக்கினால் தூக்கிக்கொண்டு.

“சரிதான். கணக்கு நேராயிருச்சு. இனி அதுக்கு இங்க என்ன வேலை” என்றார் ஆவாரன். சொல்லும்போது அவர் குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

அன்றே ஓநாய் போய்விட்டது. தூரத்து மேட்டில் அதன் கூட்டம் ஊளையிடுவது கேட்டது. காலடியில் மனுஷி நிழல் இல்லாத ஒருத்தியை அவை இனி சேர்த்துக்கொள்ளும். நல்லதுதானே என்று தொரட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து தரம் குனிந்து காலடியைப் பார்த்தாள். அது தூங்குகிறதா, குடிக்கிறதா, அடிபட்டதா ஒன்றும் தெரியவில்லை. தன் சொந்த நிழல் அவளுக்கு ஊமையாகத் தோன்றியது.

ஐந்தாம் நாள் காலையில் அது வந்து, அவள் எப்போதும் உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில், எங்கேயும் போகாதது போலப் படுத்துக் கிடந்தது. பின்னால் கொஞ்சம் தள்ளி, புதரோரம், இன்னொரு இளம் கடுவன் ஓநாய், வரலாமா வேண்டாமா என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது.

தொரட்டி எழுந்து போய் எதையும் செய்யவில்லை. சுரண்டிக்கொண்டிருந்த தோலைத் தொடர்ந்து சுரண்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தோல்மேல் சொட்டியது, அதையும் சேர்த்துச் சுரண்டினாள்.

அடுத்த கோடையில் அவர்கள் தெற்கே அந்த ஆற்றுக்குப் போனார்கள். இலுப்பனின் அப்பன் சொன்னது உண்மைதான், ஆறு இருந்தது. அதன் கரையில் வேறொரு கூட்டம் இருந்தது. முகம் முழுக்கச் செம்மண் பூசிய நாற்பது ஐம்பது பேர். இவர்களைக் கண்டதும் அவர்களுடைய தலைவர் கையை விரித்து வரவேற்க வந்தார். வந்தவர், பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடிவந்த நொண்டி ஓநாயைப் பார்த்ததும் அலறினார். பெண்கள் மரத்தில் ஏறினார்கள். ஆண்கள் கையில் கிடைத்த கல்லை எடுத்தார்கள். தலைவர் ஒரு பெரிய கல்லைத் தலைக்கு மேல் தூக்கினார்.

தொரட்டி பின்னால் இருந்தாள், எட்டிப் பிடிக்க முடியாத தூரம். இலுப்பன் ஆற்றில் இறங்கியிருந்தான். ஆவாரன் வாயைத் திறந்தார், வாழ்க்கையில் முதல் தரமாக அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஈச்சிதான் பக்கத்தில் இருந்தாள். சுனை அவள் இடுப்பில் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. நடந்து போய், ஓநாய்க்கும் கல்லுக்கும் நடுவில் நின்றாள். இத்தனை நாளில் அவள் அதன் கிட்டே போனது அதுதான் முதல் தரம். அதன் மயிர் அவள் காலில் உரசியது. அவள் உடம்பு ஒரு தரம் நடுங்கியதைத் தொரட்டி தூரத்திலிருந்தே பார்த்தாள். ஆனால் அவள் விலகவில்லை.

“கல்லக் கீழ போடுங்க” என்றாள் ஈச்சி. “அது எங்க ஆளு.”

தலைவர் அவளைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், காலடியில் இருந்ததைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துக் கல்லைக் கீழே போட்டார். அது விழுந்த சத்தத்துக்கு ஓநாய் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு, ஈச்சியின் பாதத்துக்குப் பக்கத்தில், ஆற்று மணலில் படுத்துக்கொண்டது.